இருக்கிற போட்டோ எல்லாம்

சாவு வீட்டில் போட்டோ கேட்டால் ஒன்றோடு நிறுத்தாதே, இருக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டு வா, அடுத்த பத்திரிகைக்காரனுக்கு எதுவும் மிஞ்சக் கூடாது. மைசூரில் இதழியல் படித்துக்கொண்டிருந்த அனுப்ரியாவுக்கு, பயிற்சிக்குச் சேர்ந்த கன்னட நாளிதழில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தொண்ணூற்றாறாம் வருடம்.

மண்டி மொஹல்லாவில் சாரம் சரிந்து கொத்தனார் ஜடையன் செத்தபோது, தமிழ் தெரிந்தவள் என்று அவளைத்தான் அனுப்பினார்கள். அவர் மனைவி பழனாத்தாள் அழுதுகொண்டே டிரங்குப் பெட்டியிலிருந்த படங்களை எடுத்துக் கொடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையும் அனுப்ரியா விட்டுவைக்கவில்லை. பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது.

கடைசி நேரத்தில் புடவைக் கடை விளம்பரம் வந்து, செய்தி நாலு வரியாகச் சுருங்கியது. படம் வரவில்லை. பிறகு படங்களைத் திருப்பிக் கொடுக்க மேசை மேசையாகத் தேடினாள். பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கும் என்றார் உதவி ஆசிரியர், தலையைக்கூடத் தூக்காமல்.

கருமாதியன்று கூசிக்கூசி அந்த வீட்டுக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பழனாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுக்காரரு பேப்பர்ல எப்ப வருவாருங்க?"

அவளுக்குப் பின்னால், சுவரில், வெறும் ஆணிக்கு மாலை போட்டிருந்தது.