சூடான பானெட்

ஒரு டீசல் காரை எடைபோடுவதும் ஒரு மனிதனின் ஆன்மாவை எடைபோடுவதும் ஒன்றுதான் என்றார் மாமனார். சொன்ன கையோடு முன்சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். செருப்பு கழன்று வண்டிக்கு அடியில் போய்விட்டது.

அதை எடுக்கக் குப்புறப் படுத்தவன் மாப்பிள்ளை. நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவன். திங்கட்கிழமை முதல் இயந்திரங்களைச் சொந்த வண்டியில் ஏற்றி அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோனால்தான் ஒப்பந்தம் அவனுக்கு, இல்லையென்றால் வேறொருவனுக்கு. அன்று சனிக்கிழமை. வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டை, ஒழுகிய எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்தது. செருப்பும் அதிலேயே ஒட்டிக் கிடந்தது.

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு நேர்மையைச் சொல்லிக்குடுத்தவன் நான்," என்றார் வண்டியை விற்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "எதையும் மறைக்க மாட்டேன். இன்னிக்கு வண்டியத் தொடக்கூட இல்ல."

மாப்பிள்ளை பானெட்டில் கை வைத்தான். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. டீசல் எஞ்சினின் நோயெல்லாம் அது குளிர்ந்து கிடக்கையில், முதல் தடவை சாவியைத் திருப்பும்போதுதான் வெளியே வரும். அதனால் மனுஷன் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டான். கரியே இல்லை; சோப்பு வாசம் அடித்தது. நகல் இயந்திரக் கரித்தூளிலேயே பிழைப்பு நடத்துகிறவனிடம் இந்த வேலை.

"ஆறட்டும் மாமா. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்."

"சாரையே சந்தேகப்படறீங்களா மாப்ளே? மொதல்ல உள்ள உக்காருங்க."

உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். தலை சாய்க்கும் இடத்தில் தலையளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சீட் இடுக்கில் யாரோ காது குடைந்து போட்ட மஞ்சள் பஞ்சுக்குச்சி. ஏசியைப் போட்டதும் முதலில் சென்ட் வாசம் வந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே, எப்போதோ செத்த எலியின் நாற்றம் வந்தது. கதவைத் திறந்து துப்பினான்.

"பழசுன்னா ஒரு வாசன இருக்கத்தான் செய்யும்," என்றார் தலைமை ஆசிரியர். "புத்தகத்துக்கு இல்லையா?"

எஞ்சின் சீராக ஓடியது. மாமனார் கண்ணை மூடி, பாட்டுக் கேட்பவர் போலத் தலையாட்டினார். "சத்தத்தக் கேட்டீங்களா? ராஜா. நான் பார்க்காத வண்டியா? முடிங்க மாப்ளே."

'வேணாம் மாமா' என்ற இரண்டு வார்த்தை மாப்பிள்ளையின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மாமனார் தலைமை ஆசிரியரோடு கைகுலுக்கிவிட்டார். பெண் கொடுத்த கை; அதைத் தட்டிவிடத் துணிச்சல் இல்லை. திங்கட்கிழமை வேறு கழுத்தைப் பிடித்தது. அவனும் கைகுலுக்கினான். தலைமை ஆசிரியரின் உள்ளங்கை பிசுபிசுவென்றிருந்தது. அந்தப் பிசுக்கு, செருப்பை எடுத்த தன் கையிலிருந்து போனது என்று வீட்டில் கை கழுவும்போதுதான் தெரிந்தது. அப்போது இன்னும் அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, நின்றது. வழியனுப்ப வந்திருந்த மாமனார், தள்ளினால் கிளம்பும் என்று சொல்லித் தானே ஸ்டியரிங்கின் முன் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையும் மனைவியும் மூச்சுமுட்டத் தெருக்கோடிவரை தள்ளினார்கள்.

"கியரப் போட்டு கிளட்ச்ச விடுங்க மாமா."

மாமனார் ஜன்னலில் தலையை நீட்டினார். "அது எதுங்க மாப்ளே?"

மாமனாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.