லோடு ஏற்றித்தான் ஓட்டுவேன்

வேலையிலிருந்து ஓய்வு பெற எழுபத்தாறு நாள் இருந்தபோது, புதுசாக ஒரு பிக்கப் வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வண்டி? பேசாம வீட்ல ரெஸ்ட் எடு" என்றாள் என் மகள் ஃபோனில். ரெஸ்ட் எடுக்க வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த வார்த்தையே கசந்துபோனது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த ஆள் என் வீட்டுக்காரர். வெல்டர். கேட், கிரில், மாடிப்படி, எதுவானாலும் மெஷினைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய், இருக்கிற இடத்திலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவார். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பத்தில் வண்டியை உரசினார். கம்பம் இருந்ததே தெரியவில்லை என்றார். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, நேர்ப் பார்வை நன்றாக இருக்கிறது, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு தாராளமாக வேலை பார்க்கலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்றார். இவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்த பழைய வண்டியை இரும்புக்கடைக்கு அனுப்பினார். மெஷின்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

"வண்டியை நான் ஓட்டுறேன். நீங்க வேலையைப் பாருங்க" என்றேன் ஒருநாள்.

"உனக்கு ஓட்டவே தெரியாதே."

"கத்துக்குறேன்."

"வேண்டாம் விடு. நான் உடைஞ்சுபோன சாமான். இனிமே எதுக்கும் ஆகமாட்டேன்."

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சமையலறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவியதும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டால் ஒரு காரியத்தை முடிக்காமல் விடமாட்டேன்.

தண்ணீர் அலுவலகத்தின் வண்டி ஷெட்டில் ஸ்டோர்கீப்பர் நான். எல்லோரும் ஸ்டோரம்மா என்பார்கள். அங்கே தலைமை மெக்கானிக்குக்குப் பெயர் ஹெட். அவரைப் பிடித்துக்கொண்டேன். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட் மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு டிரம்மை நசுக்கினேன், ஒரு சுவரை இடித்தேன், இரண்டாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினேன். "ஸ்டோரம்மா வர்றாங்க, வண்டிங்களை எல்லாம் உள்ள எடுத்து வைங்கடா" என்று ஷெட்டே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்.

இனி வண்டி. சம்பளச் சீட்டு கையில் இருக்கிறவரைதான் பாங்கில் லோன் கிடைக்கும். அதனால் வாங்கப்போவது ஒரே வண்டி. அது தப்பாகப் போய் நடுரோட்டில் நின்றால் இவரும் பழையபடி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுப்ப முடியாது.

எந்த வண்டி என்று யாரையும் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷமாக ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உதிரிபாகம் கொடுக்கிறேன். என் சட்டம் ஒன்றே ஒன்று: பழசைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு. பெரிய அதிகாரியே வந்து நின்றாலும், கழற்றிய பழைய பாகத்தை மேஜைமேல் வைக்காமல் ஒரு போல்ட்டுகூட என் கையிலிருந்து போகாது. எந்த வண்டிக்கு எந்த நாளில் என்ன கொடுத்தேன் என்று வண்டிக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அத்தனை அட்டையையும் எடுத்து மேஜைமேல் பரப்பினேன்.

ஒரு மாடலில் இரண்டு வண்டி ஷெட்டில் இருந்தது. பளபளவென்று இருக்கும். ஊமை என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம், ஸ்டோரில் வந்து எதையும் கேட்காதென்பதால். ஒன்பது வருஷத்தில் அட்டையில் ஏழு வரிதான். இதுதான் வண்டி என்று துள்ளிக் குதிக்காத குறையாக ஹெட்டிடம் ஓடினேன்.

அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்டோரம்மா, அந்த ஊமையில என்னைக்காவது லோடு ஏத்திப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஃபைல் கட்டும் ஆபீசர் சாப்பாட்டு டப்பாவும்தான் அதுல போகுது. அதுக்கெல்லாம் எந்த வண்டிங்க உடையும்?"

எதைக் கொடுத்தேன் என்று அட்டையில் எழுதினேனே தவிர, அந்த வண்டி எதைச் சுமந்தது என்று ஒருநாளும் எழுதவில்லை. இத்தனை வருஷம் எழுதிக் கிழித்த லட்சணம் இதுதானா என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

திரும்பப் போய் உட்கார்ந்து, இந்தத் தடவை நிரம்பிய அட்டைகளைப் படித்தேன். தடியன் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு மாடல். பைப் போடுகிற ஆட்களுடைய வண்டி. சப்பை மூக்கு, பாட்டுப் பெட்டிகூடக் கிடையாது. இரும்புக் குழாயையும் சிமென்டு மூட்டையையும் சுமந்துகொண்டு தினமும் மேட்டிலும் பள்ளத்திலும் போய்வரும். அதன் அட்டை முன்னும் பின்னும் நிரம்பியிருந்தது. ஆனால் என்னென்ன? பிரேக் கட்டை, ஃபில்டர், பெல்ட், கிளட்ச் தட்டு. எல்லாம் ஓடி ஓடித் தேய்கிற சாமான். இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. கியர் பெட்டிக்கு ஒரு பல்சக்கரம்கூட நான் கொடுக்கவில்லை. வேலை செய்து தேய்ந்தது வேறு, உடைந்தது வேறு. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தடியன் விற்கிற ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய விற்பனைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"லோடு ஏத்தி ஓட்டிப் பார்க்கணும்" என்றேன்.

"காலி வண்டிதான் மேடம் ஓட்டக் கொடுப்போம். ரூல்ஸ் அப்படி."

"காலி வண்டியை நம்பி ஏமாந்தது போதும். உங்க புத்தகத்துல ஒரு டன் தாங்கும்னு போட்டிருக்கீங்க. என்கிட்ட இருக்கறது எழுநூறு கிலோ. அதுக்கே ஏன் உங்களுக்கு வேர்க்குது?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தேன். ஸ்வெட்டரின் ஒரு கையைப் பின்னி முடிக்கிறபோது மேனேஜர் வெளியே வந்தார், நான் கழுத்துப் பக்கத்தை ஆரம்பிக்கிற வரைக்கும் நின்று பார்த்தார், "சனிக்கிழமை வண்டியை உங்க வீட்டுக்கு அனுப்புறோம்மா" என்றார்.

சனிக்கிழமை காலையில் டைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். தூக்குவதற்கு ஹெட் வந்திருந்தார். தார்ப்பாயை இழுத்துவிட்டு வெல்டிங் மெஷினை ஏற்றினோம். இரும்புச் சட்டங்களை ஏற்றினோம். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து கேஸ் சிலிண்டர். நிறுத்திவைத்து, கயிற்றை அதன் தலையில் சுற்றி இறுக்கினேன்.

"வால்வுல கயிறு போடாதே!"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். வாசலில் வந்து நின்றார் அவர். வேட்டியா லுங்கியா என்று தெரியாத கோலத்தில், செருப்புக்கூட இல்லாமல். நான் வேண்டுமென்றே அப்படிக் கட்டியதாக ஹெட் இன்றுவரைக்கும் சொல்கிறார். சத்தியமாகத் தெரியாமல்தான் கட்டினேன்.

"நகரு. எல்லாத்தையும் கொளுத்திடுவ நீ" என்று என்னைத் தள்ளிவிட்டு வண்டிமேல் ஏறினார். கயிற்றை அவிழ்த்து, சிலிண்டரின் இடுப்பில் சுற்றி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். மெஷினைத் தள்ளி நடுவில் வைக்கச் சொன்னார். சட்டங்களை அடுக்கிய லட்சணத்துக்கு ஹெட்டைத் திட்டினார். ஹெட் மறுபடி அடுக்கினார்.

"ஏறினது ஏறிட்டீங்க. முன்னாடி வந்து உட்காருங்க" என்றேன்.

"உடைஞ்ச சாமானை எதுக்கு ஏத்துற?"

"முப்பத்தொரு வருஷம் உடைஞ்சதை எல்லாம் கையில வாங்கிப் பார்த்தவ நான். உங்களுக்குத் தேஞ்சிருக்கு. உடையல. எனக்குத் தெரியாதா? ஏறுங்க."

வண்டியிலிருந்து இறங்கினார். உள்ளே போய்ச் சட்டை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். சட்டைப் பையில் வெல்டிங்குக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இருந்தது. டைக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊரிலேயே செங்குத்தான மேட்டுத் தெருவுக்கு விட்டேன். பாதி மேட்டில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். எழுநூறு கிலோவோடு அங்கிருந்து பின்னால் உருளாமல் கிளம்பினால்தான் வண்டி. கிளட்சை விட்டேன். இன்ஜின் அணைந்துபோனது.

"மேடம், திரும்பிடலாமே" என்றார் டைக்காரர்.

"சும்மா இருங்க தம்பி" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என்னிடம், "மறுபடியும் ஸ்டார்ட் பண்ணு. காதைக் கொடு. கிளட்சை மெதுவா விடு. சத்தம் கொஞ்சம் கனக்கும். கனக்குதா? இப்போ பிரேக்கை எடு."

எடுத்தேன். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. முனகிக்கொண்டே ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை.

"நல்ல இன்ஜின்" என்றார். "ஓட்டுறவளுக்குத்தான் அவசரம்."

மேடு முடிகிற இடத்தில் ரொட்டிக்கடைக்காரம்மா வீடு. நேரே பார்த்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், "நிறுத்து, நிறுத்து" என்றார். அந்த வீட்டு கேட் ஒரு பக்கம் சாய்ந்து, கட்டுக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் இவர் சரி செய்து தருவதாக ஒப்புக்கொண்ட கேட்.

"இன்னுமா வேற ஆளைக் கூப்பிடாம இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். சத்தம் கேட்டு வெளியே வந்த ரொட்டிக்கடைக்காரம்மா, "வந்தா நீங்க வாங்க, இல்லேன்னா அது அப்படியே தொங்கட்டும்னு விட்டுட்டேண்ணே" என்றார். இவர் வீட்டுக்குள்ளிருந்து கரண்டு இழுக்க வயரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"சார், இது டெமோ வண்டி. அரை மணி நேரம்தான்" என்று பதறினார் டைக்காரர்.

"அதான் நேரமாகுதுல்ல? அந்தப் பக்கம் கேட்டைத் தூக்கிப் பிடிங்க. டையைச் சட்டைக்குள்ள விட்டுக்குங்க. முகத்தை அப்படித் திருப்பிக்குங்க."

பிடித்தார். பிடிக்காமல் என்ன செய்வார்? தீப்பொறி பறந்தது. முதல் ஒட்டு கோணலாக வந்தது, என் வீட்டுக்காரரே தட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டாவது நேராக வந்தது. நான் தெருவில் நின்று, கண் கூச, திரும்பாமல் பார்த்தேன்.

கேட் ஆறுகிற நேரத்தில், பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டைக் கையோடு டைக்காரர் வண்டியின் முன்பக்கத்தில் விண்ணப்பத்தை விரித்து என் பெயரையும் விலாசத்தையும் எழுதினார்.

"கடைசியா ஒண்ணு மேடம். புதுசுக்கு மாத்திக் கொடுக்கப் பழசு ஏதாவது இருக்கா?"

கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நான்தான் இருக்கேன்" என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் ஜோக்கு.

"பழசைத் தர்றதா இல்ல. அப்படியே எழுதுங்க" என்று சொல்லி, முப்பத்தொரு வருஷச் சட்டத்தை மீறிக் கையெழுத்துப் போட்டேன்.