பக்கத்து வீடு

பிள்ளை எங்கே என்று தெரியாமல் ஷாமளா தன் வீட்டு வாசலில் நின்றாள். கைப்பேசியில் கணவன் ரூபேந்திரன் அனுப்பிய செய்தி மட்டும் இருந்தது. "கம்பெனி வேன் வந்துருச்சு. பாப்பாவ பக்கத்து வீட்டுல விட்டுட்டேன். பயப்படாத."

பயப்படாதே என்று சொல்லிவிட்டால் பயம் ஓடிவிடுமா? பொந்தியான் மருந்துக்கடையில் வேலை முடித்து அவள் வந்த பிறகுதான் வழக்கமாக அவன் சிங்கப்பூருக்கு ஷிப்டுக்குக் கிளம்புவான். இன்றைக்குப் பார்த்து மழை, பஸ் தாமதம். அவனை மறுபடி மறுபடி அழைத்தாள். மணி அடித்தது, எடுப்பாரில்லை. இந்நேரம் கம்பெனிக்குள் போயிருப்பான், வாசலிலேயே கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள். இனி சாப்பாட்டு நேரம் வரை அவன் குரல் கேட்காது.

இந்தத் தாமான் குடியிருப்புக்கு அவர்கள் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வலப்பக்கத்து வீடு காலி. கேட்டில் சங்கிலி துருப்பிடித்துக் கிடந்தது. அப்படியானால் இடப்பக்கம்தான்.

இடப்பக்கத்து வீட்டுக்குப் போன வாரம் ஒருவன் தனியாக வந்திருந்தான். பெயர் யாருக்கும் தெரியாது. சன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தான். பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை, இருட்டியதும் மோட்டாரில் கிளம்பிவிடுவான். அவனைப் பற்றித் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். ஷாமளாவும் எழுதியிருந்தாள். அவனிடமா ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார் இந்த மனுசன்?

"லோஷினி!" என்று கூப்பிட்டபடி அந்தக் கேட்டுக்கு ஓடினாள். கேட் கம்பிக்கு உட்புறம், மதில் மேல், லோஷினியின் மஞ்சள் செருப்பு ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

ஷாமளாவுக்கு உயிரே போய்விட்டது. கேட்டை உலுக்கினாள். உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வாட்ஸ்அப் குழுவைத் திறந்து குரல் செய்தி போட்டாள். "என் பிள்ளைய பக்கத்து வீட்டுக்காரன் உள்ள வச்சிருக்கான், யாராச்சும் சீக்கிரம் வாங்க!"

வந்தார்கள். எதிர் வீட்டு லெட்சுமணன் இரும்புக் குழாயோடு முதலில் வந்தார். பின்னால் விளக்குமாறு, கட்டை, குடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர்.

"டேய், கதவத் தொறடா!"

அவன் தூக்கக் கண்ணோடு கேட்டைத் திறந்தான். வாயைத் திறக்குமுன் லெட்சுமணன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"எந்தப் பிள்ளைங்க? எனக்குத் தெரியாதுங்க..."

ஷாமளா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓர் அறையில் மெத்தை, மின்விசிறி, கொடியில் காயும் கப்பல் பட்டறை உடுப்பு. மறு அறை வெறுமை. குளியலறைக் கதவைத் தள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தாள். ஒரு வாளிதான் இருந்தது.

"அப்ப இந்தச் செருப்பு?" என்று கத்தினாள்.

"லோங்காங் சாக்கடையில மழைத்தண்ணியோட போயிட்டு இருந்துச்சுங்க. யாராச்சும் தேடுவாங்களேன்னு எடுத்து மதில் மேல வச்சேன்."

அந்த நேரத்தில்தான் மூலை வீட்டுச் சூசையம்மாள் மூச்சிரைக்க வந்தார். இடுப்பில் லோஷினி, வாயெல்லாம் பிஸ்கட்.

"அலமாக், ஷாமளா! பிள்ள எங்கிட்டல்ல இருக்கு! குழுவுல வந்த கொரலக் கேட்டு நான் என் பக்கத்து வீட்டப் போய்த் தட்டிட்டு வர்றேன். யாரு பிள்ளையோன்னுதான் நெனச்சேன். அப்புறந்தான் அது ஒன் கொரலுன்னு வெளங்குச்சு. ரூபேந்திரன் மழையில பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்துச்சு, செருப்பு விழுந்ததுகூடத் தெரியல!"

ஷாமளா பிள்ளையைப் பறித்து அணைத்துக்கொண்டு அழுதாள். லெட்சுமணன் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒருவர் சிரித்தார், ஒருவர் மழையைத் திட்டினார். ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க அவள் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ரூபேந்திரன் அழைத்தான்.

"மூலை வீடு எப்படிங்க பக்கத்து வீடாகும்? நடுவுல எத்தன வீடு இருக்கு!"

"என்னா லா நீ! நான் வளந்த சாஆ தோட்டத்துல எங்க லயத்து வரிசையில இருபது கதவும் பக்கத்து வீடுதான். தெரிஞ்சவங்கன்னா பக்கத்து வீடு. இந்தப் பக்கம் இருக்கறவன யாருன்னே தெரியாதே, அவன்கிட்ட விடுவனா?"



இருட்டியதும் இடப்பக்கத்துக் கதவு கொஞ்சம் திறந்தது. அவன் உதட்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வாசல் விளக்கடியில் நின்ற லோஷினி, "அங்கிள்!" என்று கையசைத்தாள். அவன் சட்டென்று பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டான். மோட்டார் சாவி உள்ளே சிணுங்குவது கேட்டது.

"அம்மா, அந்த அங்கிள் எதுக்கு என்னப் பாத்து பயப்படுறாரு?"

அவனுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். ஷாமளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அவன் வெளியே வரட்டும் என்று வாசல் விளக்கை அணைத்தாள்.