அத்தைக்குப் போதும்

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அந்த இத்தாலிய உணவகத்தில், சீஸ் துருவிப் போடும்போது ஒரு மேஜையில் முதலில் ‘போதும்’ என்று சொல்பவர் வீடு திரும்புவதில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. பந்தியில் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவோமே, அதுவும் செல்லும். யாரும் சொல்லாவிட்டால் துருவிக்கொண்டே இருப்பார்கள். மற்றபடி நல்ல இடம். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மேஜை கிடைக்காது.

எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் நானும் என் மனைவி சசிரேகாவும். இன்னொன்றில் என் அப்பாவின் தங்கை செங்கமலம் அத்தையும் என் மகள் ஆதிரையும். ஆதிரை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் அவளுக்குத் தனி அறை தேவைப்பட்டது. சசிரேகாதான் பேச்சை எடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை மதியம் அந்த இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்குப் போலாமாங்க? அத்தையையும் கூட்டிட்டுப் போவோம். பாவம், அவங்க எங்கதான் போறாங்க?”

சரி என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அத்தை சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்து இருந்தவள். கரண்டி சாய்வதற்குள் ‘போதும்’ என்பாள். கல்யாண வீடுகளில் அவளுக்கு அந்தச் சிரமத்தைக்கூட நாங்கள் வைப்பதில்லை. பக்கத்து இலையில் இருக்கும் நானோ சசிரேகாவோ, “அத்தைக்கு ஸ்வீட் வேணாம்ப்பா, ஒத்துக்காது” என்று சொல்லி, பரிமாறுகிறவரை அப்படியே தாண்ட வைத்துவிடுவோம். ஒத்துக்கொள்ளுமா என்று அவளைக் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் அத்தை தன் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மாத்திரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். அலமாரியில் தன் புடவைகள் இருந்த தட்டைக் காலி செய்து, அதில் ஆதிரையின் புத்தகங்களை அவளே அடுக்கினாள். பிறகு இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினாள். அதையெல்லாம் பார்த்தும் வண்டியை எடுத்தேன்.

எங்களுக்கு ஜன்னலோர மேஜை. பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் அப்போதுதான் போதும் என்று சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் குடும்பம் ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னது.

பாஸ்தா வந்தது. பரிமாறுகிறவர் ஒரு கையில் சீஸ் கட்டியும் மறு கையில் துருவியுமாக வந்து நின்றார். மூத்தவர்களிடமிருந்து தொடங்குவது அங்கே வழக்கம். எங்கள் திட்டமே அதை நம்பித்தான். நாங்கள் மூன்று பேரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டோம்.

அத்தையின் தட்டில் சீஸ் விழத் தொடங்கியது. அவள் வாய் திறந்தது. ஆனால் அவள் ஒரு துருவலை விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள்.

“நல்லாருக்கே,” என்றாள்.

அவர் துருவினார். பாஸ்தா மறைந்தது. அத்தை குனிந்து சாப்பிட்டாள். புட்டுக்குத் தேங்காய்ப்பூ போட்டதுபோலக் குவிந்து, தட்டு நிறைந்து, மேஜைவிரிப்பில் விழுந்தது. அதையும் வழித்துச் சாப்பிட்டாள். பரிமாறுகிறவர் கை மாற்றிக்கொண்டார். சசிரேகா என்னைப் பார்த்தாள். ஆதிரை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. சீஸ் அத்தையின் மடியில், அந்தப் பட்டுப்புடவையில் விழுந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“அத்தைக்குப் போதும்ப்பா,” என்றேன். “ஒத்துக்காது.”

பரிமாறுகிறவர் உடனே நிறுத்தினார். மிகவும் மரியாதையாக என் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

“கார் சாவிய குடுத்துட்டுப் போங்க,” என்றாள் சசிரேகா. அவள் குரல் உடைந்திருந்தது. கொடுத்தேன். ஆதிரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல்கள் தானாகத் தளரும்வரை பரிமாறுகிறவர் காத்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஆதிரையின் தலையைத் தடவிவிட்டு எழுந்தேன்.

“போயிட்டு வா குணா,” என்றாள் அத்தை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு குளிர்ந்த அறை. மர அடுக்குகளில், போதும் சொன்னவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் உடம்பெல்லாம் உப்புத் தேய்த்து ஏற்றி வைத்தார்கள். பக்கத்தில் மதியம் பார்த்த பெரியவர்.

“மொதல்ல கொஞ்சம் குளிரும் தம்பி,” என்றார். “அப்புறம் கெட்டிப்பட்டுடும்.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. முதலில் தோல் மஞ்சளித்தது. அப்புறம் கை கால்கள் உள்ளே போயின. அவ்வப்போது திருப்பி வைத்துத் துணியால் துடைத்தார்கள். பெரியவரை எடுத்துப் போன பிறகு பேச ஆள் இல்லை.

இன்றைக்கு என்னை எடுத்தார்கள். மதியம். ஜன்னலோர மேஜை.

அத்தை புதுப்பட்டு கட்டியிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். ஆதிரையின் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அவளுக்கு அறை கிடைத்ததா என்று கேட்க ஆசையாக இருந்தது. சசிரேகாவுக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது.

“அந்த சீஸ் சீஸ்னு அத்தை ஒரே நச்சரிப்பு,” என்று அவள் பரிமாறுகிறவரிடம் சொன்னாள். “வாசல்ல செருப்பப் போட்டுட்டு நிக்கிறாங்க. என்ன பண்றது?”

அவர் சிரித்துவிட்டு, என்னை அத்தையின் தட்டுக்கு மேலே பிடித்துத் துருவத் தொடங்கினார். வலிக்கவில்லை. நான் பூப்பூவாக விழுந்தேன். சசிரேகாவும் ஆதிரையும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். ஆதிரையின் உதடு துடித்தது. சொல்லிவிடாதே கண்ணு, சொல்லிவிடாதே என்று நான் விழுந்துகொண்டே இருந்தேன்.

அத்தை ஒரு துருவலை எடுத்து நாக்கில் வைத்தாள்.

“போன தடவைக்கு இது உப்பு தூக்கல்,” என்றாள்.

பிறகு தட்டை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.