உனக்கு மட்டும்

வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு வாடகைக்கு வந்திருப்பதைக் கைப்பேசியில் பார்த்ததும் சாந்தினிக்கு ஆசை பொங்கியது. கீழே ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அழைத்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வேலைக்குப் போகும் மருத்துவமனைத் தாதி அவள். மகள் எழுமுன் கிளம்பி, தூங்கியபின் திரும்புகிறாள். பெற்ற பிள்ளையின் திறந்த கண்ணைப் பார்க்கவே விடுமுறை வேண்டியிருந்தது.

வீட்டு முகவர் ஐமான் தயங்கித் தயங்கித்தான் வீட்டைக் காட்டினான். அங்கிருந்த வீட்டுக்காரர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அவருடைய அம்மா வார்டில் கிடந்தபோது கவனித்துக்கொண்டவள் இவள்தான். நீ வேறு, உன் ஆட்கள் வேறு, உனக்கு வீடு உண்டு என்று மலாயில் சொல்லிச் சாவியை நீட்டினார்.

கூட வந்திருந்த கணவன் ஹரீஷ் கையை நீட்டிவிட்டான். சாந்தினி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். ‘உன் ஆட்கள்’ என்ற சொல் அவளைச் சுட்டுவிட்டது. விளம்பரத்தில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு மறுபடி விளம்பரம் போடுங்கள், எல்லாரோடும் சேர்ந்து நானும் கேட்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது.

என்ன நினைத்தாரோ, அந்த வாரமே வரியை எடுத்துவிட்டுப் புது விளம்பரம் போட்டார். அப்போது சாந்தினி வேலையில் இருந்தாள். கைப்பேசி லாக்கரில் கிடந்தது. வெளியே வந்து அழைத்தபோது, செபராங் ஜெயாவிலிருந்து ருக்குமணி என்றொரு பெண் முந்திக்கொண்டு முன்பணம் கட்டிவிட்டதாக ஐமான் வருத்தத்தோடு சொன்னான்.

கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாள். வயிற்றெரிச்சல்தான், அதை மறைப்பானேன்.

வீட்டில் மகள் தூங்கிப்போயிருந்தாள். ஹரீஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“இப்ப திருப்தியா? நம்ம பிள்ளை விளையாட வேண்டிய வீட்டை எவளுக்கோ வாங்கிக் கொடுத்துட்டே.”

சாந்தினி மகளின் போர்வையைச் சரிசெய்தாள்.

“ஆமா, கொடுத்துட்டேன். அவ யாரு தயவும் இல்லாம அந்த வீட்டுக்குள்ள போறா. நம்ம பிள்ளையையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போவேன்லா.”