மூடித் தைத்த பை

...நான்கு அடுக்கு, கான்வாஸ் இரண்டு, தோள்பட்டை நாடா இரண்டு, மோட்டாரை நம்பினால் ஊசி முறியும், அதனால் சக்கரத்தைக் கையால்தான் சுற்றுகிறேன், சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி, இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடைப் பையில் இந்த இடம்தான் முதலில் பிய்யும். மீன் பிடிக்கப் போகும்போது இதில் தூண்டில் ஈயக் குண்டு எல்லாவற்றையும் போட்டுத் தூக்கலாம், தாங்கும். அத்தை வரட்டும், பார்க்கட்டும். மெஷின் சும்மாதானே கிடக்கிறது, தன் சின்ன மகளுக்காவது ஆகட்டும் என்று போனில் சொன்னார், இன்று வண்டியோடு வருகிறார். நியாயம்தான். என் மனைவி இருந்தவரை இந்த முக்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை, இப்போது அவள் இல்லை, மெஷின் இருக்கிறது, அவள் தாயிடம் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வரவில்லை. தைக்க உட்கார்ந்துவிட்டேன்.

குண்டூசி ஆகாது, மெழுகு பூசிய துணியில் விழுந்த ஓட்டை மூடாது, அதனால் துணி காயப்போடும் கிளிப். தூண்டில் முள் மாட்டாமலிருக்க உள்ளே ரெக்சின், ஈரம் வடிய அடியில் கொசுவலை... யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை, நானேதான். கடைசி ஓரத்தையும் அடித்து நூலைக் கத்தரித்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, அது நிமிர்ந்து வெகுநாள் ஆயிற்று. பிறகுதான் உறைத்தது, பை உள்பக்கம் வெளியே இருக்கிறது, திருப்ப ஒரே வழி ஜிப், ஜிப்பை மூடி வைத்தே சுற்றிலும் தைத்திருக்கிறேன், இழுக்கிற பிடி உள்ளே. பிரிக்கலாமா? பிரித்தால் வரிசையாக ஓட்டை. வாசலில் வண்டி நின்றது.

அத்தை உள்ளே வந்தார், பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை முந்தானையால் மறைத்தார். நான் ஒரு பெரிய தூண்டில் முள்ளை எடுத்து ஜிப் ரன்னரின் பின்விளிம்பில் கொடுத்து மெல்ல நெட்டினேன். நகர்ந்தது. இன்னும் கொஞ்சம்... விரல் போகிற அளவு, பிறகு கை போகிற அளவு. பை முழுசாகத் திரும்பி வந்தது, நாலு மூலையும் கூர்மையாக.

"அவளும் முதல் தலையணை உறையை இப்படித்தான் மூடித் தைச்சா, மாப்பிள்ளை. கேலி பண்ணுவோம்னு கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தா."

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் சொல்லவேயில்லை. அத்தை பையின் தோள்பட்டை நாடாவைப் பிடித்து இழுத்தார், காலால் மிதித்துக்கொண்டும் இழுத்தார், இது பிரியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, வண்டிக்காரர் காத்திருக்கிறார், மெஷினை ஏற்றலாமா என்று கேட்டார்.

"இல்ல அத்தை. இது என் மெஷின். இங்கயே இருக்கட்டும்."

சின்னவளுக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமாவுக்கும் ஒரு பை வேண்டுமாம், ஜிப்பைத் திறந்து வைத்துத் தைக்க வேண்டுமாம். வண்டிக்காரரை அனுப்பப் போனார். பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றேன், இடுப்புக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது, நன்றாகத்தான் தைத்திருக்கிறேன்... ஆனால் மெஷின் அவளுடையது, அதனால் தர மாட்டேன் என்றல்லவா சொல்ல நினைத்திருந்தேன்? என்னுடையது என்றேன், நாக்கு கூசவில்லை. அது எந்தத் தையலில் என் கைக்கு வந்தது, வந்தபோது அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன்...