வெந்நீரில் போன மப்ளர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. திண்டுக்கல் பேகம்பூரில் என் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி, கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டே சொன்னது. எழுதப்போகிறேன் என்றதும், குரங்கைப் பற்றி எழுதிக்கொள், என் வீட்டுக்காரர் பேரை மட்டும் போட்டுவிடாதே என்றார். வீட்டுக்காரரைக் கேட்டேன். பேர் இல்லாவிட்டால் எவன் நம்புவான் என்று கோபித்துக்கொண்டார். ஆகவே போடுகிறேன்: அப்துல் கையூம். தோல் ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜப்பானிய மலைகளின் மேல் வெண்பனி மெல்ல, மௌனமாக, ஒரு—"

ஒரு என்ன? தெரியவில்லை. நான் அந்தப் பனியைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பனி என்பது மார்கழியில் தலைக்குத் துண்டு கட்ட வைப்பது, அவ்வளவுதான். 'பனியில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன' என்று எழுதினால், தாடிக்கொம்புக்காரர் ஒருவர், எங்கள் ஊர்க் குரங்கும் பனியில்தான் உட்காருகிறது, இதற்கு எதற்குக் கையூம் கப்பலேறினார் என்று கேட்பார்.

இரண்டாவது தொடக்கம்: "அப்துல் கையூம் பொய்யே சொல்லாதவர்." இதையும் அடித்துவிட்டேன். (அப்படி ஒருவரை நான் சந்தித்ததில்லை. சந்தித்ததாக எழுதினால் மிச்சத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

மப்ளரிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

2

1964 கடைசி. தோல் வாங்கும் கம்பெனியோடு பேச ஜப்பானுக்குப் போகவேண்டிய முதலாளி, குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். தோலும் தெரிந்து கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தவர் கையூம் ஒருவர்தான். அவரை அனுப்பினார்கள்.

அப்போது அவர் மகள் கமர்ஜஹானைச் செம்பட்டியில் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சிக்கந்தர். மாப்பிள்ளையின் அப்பா நைனா முகமது, தேங்காய் மண்டிக்காரர். நிக்காஹ் தேதி மட்டும் குறிக்கவில்லை.

திண்டுக்கல் ஸ்டேஷனில் நைனா முகமது, கொடைக்கானலில் வாங்கிய சிவப்பு மப்ளர் ஒன்றைத் தன் கையாலேயே சம்பந்தியின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"என் கையே உங்க கழுத்துல கெடக்குன்னு நெனச்சுக்கங்க, ராவுத்தரே. கழட்டாமப் போயிட்டு வாங்க."

(இவரை வில்லனாக்கலாம் என்று முதலில் பெரிய மீசை வைத்தேன். ஆனால் ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் கேட்காமலே தேங்காய் இறக்கிவிட்டுப் போகிற மனிதர் என்று தெரிந்தது. மீசையை எடுத்துவிட்டேன்.)

3

வேலை முடிந்தும் கப்பலுக்கு நாள் இருந்தது. கம்பெனி ஆள் ஹிராயாமா, ஒரு அதிசயம் காட்டுகிறேன் என்று கையூமை ரயிலேற்றி மலைக்குக் கூட்டிப்போனார். இறங்கியபின் காட்டு வழியில் நடை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இங்கிலீஷும் நிறையத் தலையாட்டலும்.

பனி எப்படி இருந்தது என்று கையூமிடமே கேட்டேன். பஞ்சு மில் கூரை பிய்ந்து ஊர் முழுக்கக் கொட்டினாற்போல் என்றார். என் 'மெல்ல, மௌனமாக'வை விட இது தேவலை.

பள்ளத்தில் ஒரு குளம். ஆவி பறந்தது. தீக்குச்சி மருந்து வாடை. யாரும் அடுப்பு மூட்டவில்லை. பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் கொதித்து வருகிறது. அதற்குள் கழுத்தளவு தண்ணீரில் குரங்குகள். சிவந்த முகம், சாம்பல் மயிர், உச்சந்தலையில் பனி. ஒரு தாய் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. குட்டி முதலில் காலைத் தூக்கிக்கொண்டது, பிறகு விட்டுக்கொடுத்தது. கிழட்டுக் குரங்கு ஒன்று கையூமை ஒரு தடவை பார்த்துவிட்டு, இவரால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது.

கையூம் பாறையில் உட்கார்ந்தார். வீட்டை விட்டு வந்த இத்தனை நாளில் அன்றைக்குத்தான் உடம்பு குளிரை மறந்தது. ஆவியில் கழுத்து வியர்த்தது. மப்ளரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு இளவட்டக் குரங்கு வந்தது. முகர்ந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இன்னொன்று மறுமுனையைப் பிடித்தது. கையூம் எழுந்தபோது சிவப்பு மப்ளர் குளத்தின் நடுவே இரண்டாகிக்கொண்டிருந்தது. ஹிராயாமா குரங்குகளின் சார்பில் கையூமை நோக்கிக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

[இந்தக் குனிதல் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். கையூம் அதை நடித்துக் காட்டினார். எடுக்க மனம் வரவில்லை.]

4

பங்குனி வெயிலில் திரும்பி வந்தார். வீட்டில் விருந்து. எல்லார் முன்னாலும் நைனா முகமது மப்ளரை விசாரித்தார். கையூம் நடந்ததை அப்படியே சொன்னார்.

பந்தியே சிரித்தது. குரங்குக்குச் சோப்புப் போட்டுவிட்டது யார் என்று ஒருவர் கேட்டார். சிரிக்காதவர் நைனா முகமது மட்டும்தான். பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். மறுநாள் அவர் அனுப்பிய ஆள் வந்து சொன்னார்: தொலைந்தது என்று சொல்லியிருந்தால் தொலைந்துபோகட்டும் என்றிருப்பார், ஆசையாய்க் கொடுத்ததைக் குரங்குக் கதையாக்கிய வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது?

ஜெய்தூன் பீவி கணவரை உட்காரவைத்துப் பேசினார். ரயிலில் விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் வாழ்க்கையை விட மலைக்குரங்கு பெரிதா? கையூம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

கமர்ஜஹான் மட்டும் அத்தாவிடம் ஒன்று கேட்டாள்: வெந்நீரை விட்டு ஏறும்போது குரங்குகளுக்குக் குளிராதா? அதுவரை ஊரில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. ஏற மனமில்லாமல் கரையிலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடக்கும் என்றார் கையூம்.

இந்த இடத்தில் முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

அ) பத்திரிகையில் குரங்குகளின் படம் வந்து ஊரே வெட்கப்பட்டது. (மனிதனை நம்பாமல் காகிதத்தை நம்புகிற முடிவு. வேண்டாம்.)

ஆ) சம்பந்தம் முறிந்தது. கமர்ஜஹான் ஜன்னலோரம்— (இதை ஜெய்தூன் பீவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்கவில்லை.)

நடந்தது வேறு.

5

இரு வீட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால். கையூம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மப்ளரை ரயிலில் விட்டுவிட்டேன் என்றார்.

நைனா முகமதுவின் முகம் மலர்ந்தது. பழையபடி அன்பாகவே கேட்டார்:

"எந்த ரயில்ல?"

"மலைக்குப் போற ரயில்ல."

"மலைக்கு எதுக்குப் போனீங்க?"

[இங்கே நல்ல எழுத்தாளர் இரண்டு பக்கத்துக்கு மன ஓட்டம் எழுதுவார். எனக்குக் கிடைத்த தகவல் இவ்வளவுதான்: கையூமுக்கு மூக்கு நுனியில் வேர்த்தது. பிறகு நெற்றியில். பிறகு சட்டையே ஒட்டிக்கொண்டது.]

திரைக்குப் பின்னாலிருந்து கமர்ஜஹானின் குரல் வந்தது.

"குரங்கப் பாக்கப் போனேன்னு சொல்லுங்கத்தா. எனக்காகப் பொய் சொல்ல வேணாம். உங்களுக்கு அது வரவும் இல்ல."

கல்யாணப் பெண் சபையில் பேசுவதா? ஜெய்தூன் பீவி மகளின் கையைப் பிடித்து இழுத்தார். நேரம் கடந்துவிட்டது.

கையூம் எழுந்து நின்றார்.

"ஆமா சம்பந்தி. குரங்குதான் எடுத்துச்சு. ஆனா நீங்க கட்டிவிட்டத கழட்டுனது நான். அத மன்னிச்சுக்கங்க."

நைனா முகமது அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் திரைக்குப் பின்னால் இன்னொரு குரல், அவருடைய மனைவியுடையது: குட்டிக்குத் தண்ணீர் சுடாதா? கையூம் தாய் அணைத்துக்கொண்டு இறங்கியதைச் சொன்னார். குட்டி காலைத் தூக்கிக்கொண்டதைக் கையால் காட்டினார். வேறு யாரோ எத்தனை பேர் குளிக்கலாம் என்று கேட்டார்கள். ஆக்கி வைத்த பிரியாணி ஆறிப்போனது.

கடைசியில் நைனா முகமது கையை உயர்த்தினார்.

"குரங்க நான் நம்பல. இப்பவும் நம்பல. ஆனா ரயிலுன்னு ஒரு பொய் சொல்ல இம்புட்டு வேர்க்கிற மனுசன் வீட்டுல பொண்ணெடுக்க எனக்குப் பயமில்ல."

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத் தேதி குறித்தார்கள்.

6

நிக்காஹ் நல்லபடி நடந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த கமர்ஜஹானிடம் எனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டேன்: சபையிலேயே வாய் திறந்த பெண்ணிடம் மாப்பிள்ளை முதன்முதலாகப் பேசிய வார்த்தை என்ன?

"அதையும் எழுதுவீங்களாக்கும், அக்கா" என்றாள். சிரித்தாள். சொல்லவில்லை.

நானே எழுதிப் பார்த்தேன். முதலாவது மிகவும் அழகாக இருந்தது; தேங்காய் மண்டிக்காரர் மகன் அப்படிப் பேசமாட்டான். இரண்டாவதை அவன் பேசியிருப்பான். ஆனால் அதற்கு இவள் இப்படிச் சிரித்திருக்கமாட்டாள். மூன்றாவது "உனக்கு—" என்று தொடங்கி அங்கேயே நிற்கிறது.

அதற்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சிரிக்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

"உனக்கு